வாகனத்துக்குத் தாள்காசு, வழிகாட்டிக்குச் சில்லறை: வன்னியில் ஒரு பறவைப் பயணம்

கனடாவிலிருந்து ஊருக்குப் போகிற எங்களில் பெரும்பாலானோர் வன்னியை ஏ9 வீதியில் வான் யன்னலுக்கு வெளியேதான் பார்க்கிறோம். இறங்கினால் முறிகண்டிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய், கையில் ஒரு சரை கச்சான், பிறகு நேரே யாழ்ப்பாணம். இந்தப் பெப்ரவரியில் நாங்கள் வன்னியிலேயே தங்கி, பறவையும் விலங்கும் பார்ப்பதற்கென்றே காசு கட்டிப் போனோம். நான், கணவர், எதற்கும் முகம் சுளிக்கிற வயதில் இருக்கும் மகள். வந்ததிலிருந்து ஆளாளுக்குச் சேவை எப்படி, போகலாமா என்று கேட்கிறார்கள். காடும் களப்பும் எங்களுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. காசு வாங்கியவர்களைப் பற்றித்தான் கொஞ்சம் சொல்ல இருக்கிறது.

பயணத்தைக் கொழும்பிலுள்ள ஒரு முகவரிடம் இணையத்தில் பதிவு செய்தோம். பெயர் வேண்டாம். நிகழ்ச்சி நிரலில் மன்னார், கட்டுக்கரைக் குளம், இரணைமடு, சுண்டிக்குளம், கடைசியில் வில்பத்து. அதன் தலைப்பில் ‘அனுபவம் வாய்ந்த இயற்கை வழிகாட்டி கூடவே வருவார்’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் எங்கள் பெயர் எழுதிய அட்டையுடன் நின்றவர் அருமையான சாரதி. இரவுப் பயணத்தில் ஒரு தடவைகூட வயிறு கலங்கவில்லை. ஆனால் கொக்குக்கும் நாரைக்கும் வித்தியாசம் தெரியாது. அதை அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். தனக்கு வாகனம் ஓட்டத்தான் சம்பளம், வழிகாட்டுவது பற்றி ஒருவரும் சொல்லவில்லை என்றார். அவரில் என்ன பிழை? முகவருக்குத் தொலைபேசி எடுத்தேன். சாரதிதான் வழிகாட்டி என்று அந்தப் பக்கத்தில் ஒரு குரல் மிக மரியாதையாகச் சொன்னது. அந்த மரியாதைதான் எனக்குக் கூடுதலாக எரிச்சல் மூட்டியது.

காப்பாற்றியவர் மன்னார் விடுதிக்காரர். நாங்கள் முற்றத்தில் நின்று புறுபுறுப்பதைக் கேட்டுவிட்டு, “விடிய நாலரைக்கு ஒருவர் வருவார், அவரோடு போங்கள்” என்றார். வந்தவர் முப்பது வயதைத் தாண்டாத இளைஞர், கடற்றொழில் குடும்பம். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மன்னாருக்கு வந்தபோது அவர்களுடைய தொலைநோக்கியைச் சுமந்து திரிந்து பறவை படித்தவர். என்னை அக்கா என்றார், கணவரை அண்ணை என்றார், மகளைத் தங்கச்சி என்று அழைத்து முதல் வேலையாகத் தொலைநோக்கியை அவளிடம் கொடுத்தார். அதற்குப் பிறகு அது எங்கள் கைக்குத் திரும்பி வரப் பட்ட பாடு பெரிது.

பெருநிலத்திலிருந்து மன்னார்த் தீவுக்குப் போகும் தாம்போதியின் இரு பக்கமும் விரிந்து கிடப்பது வங்காலைச் சரணாலயம். 2008இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2010இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது, 4,839 ஹெக்டேயர். தலைமன்னார் பஸ்ஸில் போகிறவர்கள் அதைச் சேறும் தண்ணீரும் என்று கடந்துவிடுவார்கள். நாங்களும் தனியே போயிருந்தால் அதைத்தான் பார்த்திருப்போம். இளைஞர் வாகனத்தை ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னார், இறங்க விடவில்லை. வாகனத்துக்குப் பறவை பயப்படாது, இரண்டு காலில் நடக்கிற உருவத்துக்குத்தான் பயப்படும் என்றார். வெளிச்சம் ஏற ஏற, தூரத்தில் ஒரு இளஞ்சிவப்புக் கோடு தெரிந்தது. அத்தனையும் பூநாரைகள்.

அவை ஏன் மாசி மாதத்தில் அங்கே கூடுகின்றன என்று அவர் விளக்கியதுதான் இந்தப் பயணத்தில் நான் காசு கொடுத்து வாங்கிய பொருள் என்பேன். மாரி மழை அடித்துப் பெய்யும்போது களப்பில் தண்ணீர் ஆழம். பூநாரைக்குக் கால் எட்டினாலும் தலை எட்டாது. அது அலகைத் தலைகீழாகத் தண்ணீருக்குள் விட்டு, சேற்று நீரை உறிஞ்சி வடிகட்டி, நுண்ணிய இறால் வகைகளையும் பாசியையும் தின்கிற பறவை. மழை விட்டு, வெயில் ஏறி, தண்ணீர் முழங்கால் அளவுக்கு வற்றி உப்பும் தடிக்கும்போதுதான் அதற்கு விருந்து. இறகின் நிறமும் அந்தச் சாப்பாட்டிலிருந்தே வருகிறது. ஆகவே மழை பிந்தினால் பூநாரையும் இடம் மாறும். எந்த மூலையில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று முதல் நாள் மாலையே மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அந்த வேலைக்கு எந்தப் பற்றுச்சீட்டிலும் ஒரு வரி கிடையாது.

ஊசிவால் வாத்துகள் ஆயிரக்கணக்கில் மிதந்தன. கருவால் மூக்கன்கள் சேற்றைத் தைப்பதுபோல அலகால் குத்திக்கொண்டு நின்றன. கடற்காகக் கூட்டம் ஒன்றைக் காட்டி மேகாவின் கதையைச் சொன்னார். 2021இல் மன்னாரில் ஜிபிஎஸ் கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகம் அது. ரஷ்யாவின் வடதுருவக் கரையிலுள்ள யமால் தீபகற்பம் வரை போய், கோடை முடிய மறுபடியும் மன்னாருக்கே வந்துவிட்டது. “உங்களைப் போலத்தான் அக்கா, குளிருக்கு இங்கே வருவார்கள்” என்றார். எங்கள் வாகனத்தில் எல்லோரும் சிரித்தோம். சாரதி மட்டும், அதற்கு விசா வேண்டாம்தானே என்றார்.

சற்றுத் தள்ளி வேறொரு வான் வந்து நின்றது. ஒருவர் இறங்கி ட்ரோன் ஒன்றை மேலே அனுப்பினார். முழுக் கூட்டமும் எழுந்தது. படத்துக்கு அழகுதான், மகளும் வாயைப் பிளந்து பார்த்தாள். எங்கள் இளைஞர் அவரிடம் போய்ச் சண்டை பிடிக்காமல், சத்தமும் போடாமல் பேசி அதை இறக்க வைத்தார். திரும்பி வந்து காரணம் சொன்னார்: நெடுந்தூரம் பறக்க இருக்கிற பறவைக்கு உடலில் சேர்க்கிற கொழுப்புத்தான் எரிபொருள், சும்மா எழுப்பிவிட்டால் அது வீணாகிறது. அவரிடம் அடையாள அட்டையோ சீருடையோ எதுவும் இல்லை. ட்ரோன்காரர் சொல் கேட்டது அந்த ட்ரோன்காரரின் நல்ல குணம்.

தீவின் தென்கரையில் தம்பபவனிக் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. முப்பது கோபுரம், 2020 டிசம்பரில் இயங்கத் தொடங்கியவை. வலசைப் பறவைகள் வந்து இறங்குகிற வழியில் இன்னும் கோபுரங்கள் வேண்டாம் என்பதும் 2025இல் மன்னார் மக்கள் வீதிக்கு இறங்கியதற்கு ஒரு காரணம். நிலமும் வெள்ளமும் மற்றக் காரணங்கள். எங்கள் முகவரின் அழகான கையேட்டில் காற்றாலையைச் ‘சூரிய அஸ்தமனப் படத்துக்கு ஏற்ற இடம்’ என்று குறித்திருந்தார்கள்.

பள்ளிமுனைப் பெருக்க மரத்தையும் நகரத்துக் கழுதைகளையும் பார்த்தோம். அதற்கு வழிகாட்டி தேவையில்லை. கழுதைகள் தாமாகவே வாகனத்துக்கு முன்னால் வந்து நிற்கும்.

கட்டுக்கரைக் குளம் முருங்கன் பக்கம், மன்னாரின் நெல்லுக்குத் தண்ணீர் கொடுக்கிற பழைய பெருங்குளம். குளக்கட்டில் நடந்தால் தாமரை இலைகளின் மேல் இலைக்கோழிகள் நடை பழகுவதும், நீலத் தாழைக்கோழிகள் கோரைக்குள் புகுந்து சண்டை போடுவதும் கண் முன்னே தெரியும். குளம் நிறைந்திருந்தால் வாத்துகள், வற்றினால் நாரைகளும் உள்ளான்களும். குளித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் எங்கள் தொலைநோக்கியைக் கண்டுவிட்டு, தன் வயலுக்கு வருகிற தாராக்களையும் பார்த்து எண்ணிச் சொல்லும்படி கேட்டார். கேலியா, முறைப்பாடா என்று பிரித்தறிய முடியவில்லை.

தங்குமிடம் பற்றி. மன்னார் விடுதியில் குளிர்சாதனம் ஏதோ தன் விருப்பப்படி வேலை செய்தது, நுளம்பு வலையில் ஓர் ஓட்டை. ஆனால் நாலு மணிக்கு வீட்டுக்கார அம்மா எழும்பி, பிட்டும் சம்பலும் வாழையிலையில் சுற்றி, போத்தலில் இஞ்சித் தேநீரும் தந்துவிட்டார். கிளிநொச்சியில் தங்கிய இடம் பளிங்குத் தரை, மின்தூக்கி, வெள்ளை விரிப்பு. காலைச் சாப்பாடு ஏழரைக்குத்தான். ஐந்து மணிக்கே புறப்பட வேண்டும், இரண்டு பாண் துண்டாவது கட்டித் தாருங்கள் என்று கெஞ்சியும் ஆகவில்லை. சமையல்காரர் ஏழுக்குத்தான் வருவாராம். ஏழரைக்கு எழும்புகிற பறவையை எங்கே தேடுவது? மன்னாரின் ஓட்டை வலையை நான் மன்னிக்கிறேன்.

இரணைமடுவில் கூழைக்கடாக்களையும் நீர்க்காகங்களையும் கட்டில் நின்றே பார்த்துவிட்டு நகர்ந்தோம். சுண்டிக்குளம் வேறு உலகம். ஆனையிறவுக் களப்பின் கிழக்கு முனையில், கடலுக்கும் களப்புக்கும் இடையில் பனையும் கண்டலும் மணலுமாக நீண்டு கிடக்கிறது. 1938இலேயே பறவைகள் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்காவானது. வான் மணலில் புதையும் என்று ஜீப் பிடித்தோம். ஜீப்காரருக்குப் பாதை தெரியும், முதலை வெயில் காய்கிற இடம் தெரியும். பறவை என்றால் ‘பெரிய கொக்கு, சின்னக் கொக்கு’. மன்னார் இளைஞரைக் கூட அழைத்து வந்திருந்ததால் தப்பினோம். மஞ்சள்மூக்கு நாரைகளையும் கரண்டிவாயன்களையும் கண்டுபிடித்துக் காட்டியது அவர்தான். இங்கே அவர் இன்னொன்றிலும் கண்டிப்பாக இருந்தார்: தடம் விட்டு இறங்கக் கூடாது. கண்ணிவெடி அகற்றும் பணி வடக்கில் இன்னும் முடியவில்லை. சிவப்புப் பலகை இருக்கும் இடத்தில் மட்டுமல்ல, பலகை இல்லாத பற்றைக்குள்ளும் படம் எடுக்க ஓடக் கூடாது. வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு இதை விமானத்திலேயே சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அன்று ஜீப்புக்குக் கொடுத்த தொகையில் நாலில் ஒரு பங்குகூட அவர் கேட்கவில்லை. கூட்டிக் கொடுத்தபோது வாங்கத் தயங்கினார். இந்தக் கணக்குத்தான் எனக்குச் செமிக்கவில்லை. அறைக்கு ஒரு விலை, சக்கரத்துக்கு ஒரு விலை, கண்ணுக்கு விலையே இல்லை. முகவரின் விலைப்பட்டியலில் வழிகாட்டிக்கென்று எங்களிடம் வாங்கிய காசு யாருடைய பையில் இருக்கிறது என்று எழுத்தில் கேட்டிருக்கிறேன்.

இடையில் ஓர் இரவு நெடுங்கேணியில் சின்னம்மா வீடு. யானை பார்த்தாயா என்றார். இன்னும் இல்லை, வில்பத்துக்குப் போகிறோம் என்றேன். “காசு கட்டியா? நாளைக்கு மட்டும் நில் பிள்ளை, என் வாழைத் தோட்டத்தில் சும்மா காட்டுகிறேன்” என்றார். மறுநாள் விடியற்காலையில் யானையை விரட்டப் போடும் வெடிச் சத்தம் கேட்டுத்தான் கண் விழித்தோம். முறிந்து கிடந்த வாழைகளைச் சின்னம்மா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். மின்வேலிக்கு விண்ணப்பித்து ஆண்டுகளாகிறதாம். யானை பார்க்க வருகிறவர்கள் கொடுக்கிற காசு இந்தப் பக்கம் ஒரு சதமும் வந்து சேர்வதில்லை என்பது அவருடைய வாதம். மறுத்துச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

வில்பத்து, வன்னிக் காடு தெற்கே முடிகிற இடம். இலங்கையின் மிகப் பெரிய தேசியப் பூங்கா. போரினால் 1988 முதல் 2003 வரை மூடிக் கிடந்தது. பிரதான வாசல் ஹுனுவிலகமவில், எனவே வடக்கிலிருந்து போகிறவர்கள் அனுராதபுரம் சுற்றித்தான் போக வேண்டும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்தால் நுழைவுக் கட்டணம் உள்ளூர்க்காரரைப் போலப் பல மடங்கு. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் பிறந்தேன் என்பதெல்லாம் சீட்டுக் கொடுக்கும் யன்னலில் செல்லாது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்கள் அந்தச் சான்றிதழை மறக்காமல் கொண்டு போங்கள். உள்ளே எல்லாம் ஒழுங்கு: நேரத்துக்கு ஜீப், கழுவிய இருக்கை, குளிர்ந்த தண்ணீர், தமிழும் கொஞ்சம் பேசத் தெரிந்த தடங்காட்டி. காட்டுக்குள் மழை நீர் தேங்கி நிற்கிற வில்லுகள்தான் இந்தப் பூங்காவின் உயிர். குருட்டுப்பாண்டி வில்லுக்கு அருகே சிறுத்தை ஒன்று பாதையைக் குறுக்கே கடந்து, நாங்கள் ஒரு பொருட்டே இல்லை என்பதுபோலப் பற்றைக்குள் போனது. மகள் அதன் பிறகு அரை மணி நேரம் பேசவில்லை. எங்கள் வீட்டில் அது சிறுத்தையைவிட அரிய காட்சி.

எப்போது போவது என்று கேட்பவர்களுக்கு. பூநாரைக் கூட்டமும் வலசை வாத்துகளும் வேண்டுமென்றால் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை. கரடி வேண்டுமென்றால் பாலைப்பழம் பழுக்கிற மே, ஜூன், ஜூலை. கரடி மரத்தடிக்கே வரும். பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலை, ஆகஸ்டில் போகிறவர்களுக்கு வில்பத்து நல்லது, மன்னார்ப் பறவைகளில் பெரும்பகுதி வடக்கே போய்விட்டிருக்கும். எங்கள் முகவர் அந்த மாதங்களுக்கும் அதே பூநாரைப் படத்தைப் போட்டுத்தான் இப்போதும் விற்கிறார். பதிவு செய்யும் முன் வருகிற வழிகாட்டியின் பெயரை எழுத்தில் கேளுங்கள், பெயர் வந்தால் அவரோடு ஒரு தடவை தொலைபேசியில் பேசுங்கள். கட்டுக்கரையில் இப்போது எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று கேட்டால் போதும்.