தரங்கம்பாடி காட்டேஜ்: மீன் குழம்புக்கு முழு மார்க், குளியலறைக்குப் பாதி

பொங்கல் கழித்து அடுத்த வாரம், அம்மாவையும் சேர்த்து ஐந்து பேராக, தரங்கம்பாடியில் ஒரு காட்டேஜில் இரண்டு ராத்திரி தங்கினோம். ஒரு ராத்திரிக்கு 4,500 ரூபாய். குறைகளை உரிமையாளரிடமே சொல்லிவிட்டேன், சரிசெய்கிறேன் என்றார், அதனால் பெயர் போடவில்லை.

விளம்பரப் படத்தில் ஜன்னல் முழுக்கக் கடல். நேரில் பார்த்தால் மாடியறை பால்கனியின் இடது மூலையில் ஒட்டி நின்று கழுத்தை நீட்டினால்தான் வேட்டிக் கரை அகலத்துக்கு ஒரு கீற்று தெரிகிறது. கேட்டால் "அது மொட்டைமாடியில எடுத்தது சார்" என்கிறார்கள். சரி, மொட்டைமாடி உண்மையிலேயே அருமைதான். விடியுமுன் படகு எஞ்சின் சத்தத்தில் விழிப்பு வந்துவிடும், போர்வையைச் சுற்றிக்கொண்டு மேலே போனால் டேனிஷ் கோட்டைக்குப் பின்னால் சூரியன் வருவது வரைக்கும் நகரவே தோன்றாது.

இப்போது குளியலறை. போர் தண்ணீர் உப்பு, சோப்பு நுரைக்கவில்லை, மகளின் தலைமுடி ஒரே குளியலில் தேங்காய் நார் ஆகிவிட்டது. கீசர் முதல் நாள் வேலை செய்தது, மறுநாள் செத்துவிட்டது. உப்புக்காற்று இரும்பை விட்டுவைக்காது, தெரியும், ஆனால் அதைத் தெரிந்துதானே கடலோரத்தில் வீட்டை வாடகைக்கு விடுகிறார்கள்? உள்தாழ்ப்பாள் துருப்பிடித்து இறுகி, குளிக்கப் போன அம்மா உள்ளேயே மாட்டிக்கொண்டார். நான் வெளியே நின்று இழுக்க, அவர் உள்ளிருந்து "கதவை உடைச்சிடாதடா, நம்ம தலையில கட்டிடுவாங்க" என்று கத்த, கடைசியில் சமையல் அக்கா தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து கதவிடுக்கு வழியாக ஊற்றினார். பத்து நிமிடத்தில் திறந்தது. அவருக்கு இது புதிதில்லை என்பது அந்தக் கிண்ணத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

அந்த அக்காவுக்காகவே திரும்பப் போகலாம். காலையில் வாசலில் நின்று "சங்கரா வேணுமா, கொடுவா வேணுமா தம்பி, இப்பவே சொன்னாத்தான் வாங்க முடியும்" என்பார். மீன் விலை அன்றைக்கு உள்ளபடி, சமையல் கூலி தனி. மாங்காய் போட்ட சங்கரா குழம்பில் மிச்சம் இருந்ததை மறுநாள் காலை இட்லிக்கு ஊற்றினார், என் பையன் ஏழு சாப்பிட்டான். மீனுக்காகவே போகிறவர்கள் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தவிர்க்கலாம். விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், கிடைப்பது குறைவு, விலையும் எகிறும்.

ஊரைச் சுற்ற வண்டி வேண்டாம். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, 1718-இல் எழுந்த புதிய எருசலேம் தேவாலயம், அலை முன்பக்கத்தைத் தின்றுவிட்ட மாசிலாமணிநாதர் கோயில், எல்லாமே நடந்து போகிற தூரம். அம்மாவே நடந்துவிட்டார். நாங்கள் போய்ச் சேர்ந்த வெள்ளிக்கிழமை கோட்டை மூடியிருந்தது, சனிக்கிழமைதான் பார்த்தோம், கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். கோயில் பக்கம் கரையில் பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள், கடலில் இறங்கிக் குளிக்கும் ஆசையோடு போனால் ஏமாற்றம்தான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கொசு. வலை கிடையாது, சுருள் நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம், பதிவு செய்யும்போதே மாடியறை வேண்டும் என்று சொல்லிவிடுங்கள், கீழறையில் பால்கனி மூலை அளவுக் கடல்கூடக் கிடையாது. கீசர், தாழ்ப்பாள் இரண்டையும் பெட்டியை இறக்கும் முன் ஒருதடவை போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அம்மா இப்போது எங்கள் வீட்டிலும் குளியலறைத் தாழ்ப்பாள் போடுவதில்லை. உள்ளிருந்து பாடிக்கொண்டே குளிக்கிறார்.