யூபிளாக் ஆரிஜினும் இலவசத் தளங்களும்: ஒரு நீண்டகாலப் பயனரின் அனுபவம்

கணினியிலும் கைபேசியிலும் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியோடு, விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியை (உலாவியில் சேர்த்துக்கொள்ளும் சிறு நிரலை) பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். அதனால் கிடைக்கும் வேகத்தைப் பலரும் எழுதிவிட்டார்கள், அதில் மிகையில்லை. எதையெல்லாம் தடுக்க வேண்டும் என்று தொகுத்துவைத்திருக்கும் ஈஸிலிஸ்ட் போன்ற பட்டியல்களில் உள்ள விளம்பர வழங்கிகளுக்கு (சர்வர்களுக்கு) செல்லும் கோரிக்கையை உலாவியிலிருந்து புறப்படும் முன்பே இது நிறுத்திவிடுவதால், படங்களும் நிரல்களும் இறங்குவதே இல்லை. நாளொன்றுக்கு இத்தனை ஜிபி என்று ரீசார்ஜ் செய்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். வேகத்தைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது வேறொன்று: படித்துக்கொண்டிருக்கும் பத்தி திடீரென்று கீழே நழுவி, விரல் வைத்த இடத்தில் ‘டவுன்லோட்’ என்ற போலிப் பச்சைப் பொத்தான் வந்து நிற்கும் தொல்லை அடியோடு போய்விட்டது.

நிறுவும்போது பெயரைக் கவனிக்க வேண்டும். ‘யூபிளாக்’ என்று மட்டும் இருப்பது வேறு நிறுவனத்தின் பொருள். 2014இல் ரேமண்ட் ஹில் தொடங்கிய மூலத் திட்டத்தின் தொடர்ச்சி ‘ஆரிஜின்’ என்ற சொல்லோடு வருவதுதான். அவர் இதற்கு நன்கொடைகூட வாங்குவதில்லை. கூகுள் குரோம் தன் நீட்சிகளுக்கான விதிமுறையை மாற்றிய பிறகு அதில் குறைந்த திறனுள்ள ‘லைட்’ பதிப்பே கிடைக்கிறது. முழுப் பதிப்பு வேண்டுமென்றால் ஃபயர்ஃபாக்ஸ்தான் நல்ல தேர்வு.

கருவியைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய குறை எதுவும் இல்லை. ஆனால் நெடுநாள் பயன்படுத்துபவருக்கு ஒரு கேள்வி வந்தே தீரும்: நான் இலவசமாகப் படிக்கும் தளத்துக்கு என் வருகையால் என்ன கிடைக்கிறது? ‘நான் எப்படியும் விளம்பரத்தைச் சொடுக்கப் போவதில்லை, தடுத்தால் யாருக்கு நட்டம்?’ என்ற வாதத்தை அடிக்கடி கேட்கிறோம். அது செல்லாது. விளம்பரம் காட்டப்பட்டாலே பணம் என்ற முறை வெகுகாலமாக இருக்கிறது. சிறு தளங்கள் பெரிதும் நம்பியிருக்கும் கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸும் 2024இல் அந்த முறைக்கு மாறிவிட்டது. ஆர்ஸ் டெக்னிகா என்ற அமெரிக்கத் தளம் 2010 மார்ச்சில், தடுப்பான் வைத்திருப்பவர்களுக்குக் கட்டுரைகள் தெரியாதபடி 12 மணி நேரம் மறைத்துவைத்து, பிறகு காரணத்தை வெளிப்படையாக எழுதியது. கோபித்துக்கொண்டவர்கள் இருந்தார்கள், தங்கள் தடுப்பானில் அந்தத் தளத்துக்கு விலக்கு அளித்தவர்களும் இருந்தார்கள். தமிழ்ப் பக்கங்களுக்கு ஆட்சென்ஸ் அதிகாரபூர்வமாகக் கிடைத்ததே 2018 பிப்ரவரியில்தான் என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். நெடுங்காலம் கைக்காசு போட்டு எழுதியவர்களுக்கு அந்த வழி திறந்தபோது, வாசகர்களில் ஒரு பகுதியினர் ஏற்கெனவே தடுப்பானோடுதான் வந்தார்கள்.

ஆகவே அடிக்கடி போகும் சிறு தளங்களில் நீட்சியின் பெரிய நீலப் பொத்தானை அழுத்தி அந்தத் தளத்துக்கு மட்டும் தடுப்பை நீக்கிவைக்கும் பழக்கத்துக்கு வந்தேன். எல்லா இடத்திலும் இது பலன் தரவில்லை. ஒரு சமையல் தளத்தில் ஓரமாக இரண்டு பட விளம்பரங்கள் வந்ததோடு சரி. இன்றுவரை விலக்கு நீடிக்கிறது. கோயில் நடைதிறப்பு நேரங்களைத் தரும் இன்னொரு தளத்திலோ, மூட்டுவலி மருந்து விளம்பரம் திரை முழுவதையும் மூடிக்கொண்டது. மூடும் குறியைத் தொட்டால் புதிய பக்கம் திறந்தது. மறுநாளே விலக்கைத் திரும்பப் பெற்றேன். அந்த விளம்பரத்தைத் தளத்தின் உரிமையாளர் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார், விளம்பர இடத்துக்குத் தானாக நடக்கும் ஏலத்தில் வென்ற யாரோ வைத்தது. ஆனாலும் இழப்பு அவருக்குத்தான்.

கருவியிடம் நான் எதிர்பார்ப்பது இந்த இடத்தில்தான். ‘அசையாத படம் வரட்டும், நான் எங்கே போகிறேன் என்று பின்தொடரும் நிரல் வேண்டாம்’ என்று ஒரு தளத்துக்குச் சொல்ல எளிய பொத்தான் கிடையாது. மேம்பட்ட அமைப்புகளில் விதி எழுதத் தெரிந்தவர்களுக்கு ஓரளவு வழி உண்டு, மற்றவர்களுக்கு எல்லாம் அல்லது ஒன்றுமில்லை. ஆட்பிளாக் பிளஸ் என்ற இன்னொரு தடுப்பான் 2011 முதல் ‘ஏற்கத்தக்க விளம்பரங்கள்’ என்ற திட்டத்தில் இதை முயல்கிறது. அளவு, இடம் போன்ற வரையறைகளுக்கு உட்பட்டவை இயல்பாகவே அனுமதிக்கப்படுகின்றன; பெரிய நிறுவனங்கள் அதற்குக் கட்டணம் செலுத்துகின்றன. ஆக்செல் ஸ்பிரிங்கர் என்ற ஜெர்மானியப் பதிப்பகம் தொடுத்த வழக்கில் ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் 2018இல் அந்த ஏற்பாடு சட்டப்படி செல்லும் என்றது. சட்டப்படி சரியாக இருக்கலாம். எனக்கு அது ஊர்ச் சாலையில் தனியார் போட்ட சுங்கச்சாவடியாகவே படுகிறது. சிறு நிறுவனங்களிடம் வசூலிப்பதில்லை என்பது மட்டுமே ஆறுதல்.

சில்லறைத் தொல்லைகளும் உண்டு. பணம் செலுத்தும் பக்கங்கள் எப்போதாவது பாதியில் நின்றுவிடும். தடுப்பை நீக்கிப் பக்கத்தை மீண்டும் திறந்தால் சரியாகும். 2023 முதல் யூடியூப் தடுப்பான்களுக்கு எதிராகக் கெடுபிடி காட்டுவதால் பட்டியல்களை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. ‘தடுப்பானை நிறுத்தினால்தான் உள்ளே விடுவோம்’ என்ற அறிவிப்பு வந்தால், செய்தித் தளமாக இருந்தால் வெளியேறிவிடுகிறேன், ஒரே ஆள் நடத்தும் தளமாகத் தெரிந்தால் நிறுத்திவிட்டுப் படிக்கிறேன்.