வெள்ளி விழாவுக்கு ஆள் திரட்ட: வாட்ஸ்அப் குழுவா, மெயில் குழுவா?

2001-ல் பொறியியல் முடித்த எங்களுக்கு இது 25-வது ஆண்டு. டிசம்பர் கடைசி வாரத்தில் கூடலாம் என்று மெக்கானிக்கல் வகுப்பில் பேச்சு எழுந்ததும், இடம், சாப்பாடு எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விவாதம் வந்தது. சேதியை எதில் சொல்வது? ஏற்கெனவே வாட்ஸ்அப் குழு ஓடுகிறதே, இன்னொன்று எதற்கு என்றது ஒரு கட்சி. அது அரட்டைக்கு இருக்கட்டும், விழா வேலைக்கு கூகுள் குரூப்ஸில் ஒரு மெயில் குழு (ஒரே முகவரிக்கு எழுதினால் எல்லோருக்கும் போய்ச் சேரும் ஏற்பாடு) தொடங்குவோம் என்றது இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி, முடிவில் அதைத்தான் செய்தோம். ஆகவே இங்கே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

முதலில் இரண்டை ஒதுக்கிவிடலாம். பேஸ்புக் குழு ஆளைக் கண்டுபிடிக்க உதவும், வேலை வாங்க உதவாது. முன்னாள் மாணவர் சங்க இணையதளத்தில் ஒருமுறை பதிவு செய்வார்கள், அப்புறம் கடவுச்சொல்லை மறந்துவிடுவார்கள். கண்டுபிடிப்பது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பட்டம் பாரதியார் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கிறது. சில ஆண்டு கழித்து வந்த ஜூனியர்களுக்கு அண்ணா பல்கலைக்கழகம். பல்கலைக்கழகப் பெயரைப் போட்டுத் தேடினால் பாதி ஆட்கள் வலையில் சிக்குவதில்லை. வகுப்பில் இருந்த பெண்களைத் தேடுவது இன்னும் கஷ்டம். கல்யாணத்துக்குப் பிறகு பலருக்கு இனிஷியலே மாறியிருக்கும்.

சரி, வாட்ஸ்அப். அதன் நன்மைகளை யாருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. எல்லோர் கையிலும் இருக்கிறது, பழைய விடுதிப் போட்டோ ஒன்றைப் போட்டால் அன்று முழுக்க கலகலப்பு. ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேரலாம். ஒரு வகுப்புக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட வேண்டாம். தேதி முடிவு செய்ய வாக்கெடுப்பு வசதியும் உண்டு.

தொல்லை நேரக் கணக்கில் தொடங்குகிறது. டிசம்பரில் கோவையில் இரவு ஒன்பதரை என்றால் கலிபோர்னியாவில் காலை எட்டு. இங்கே நாள் முழுக்க ஓடிய பேச்சை அங்கிருப்பவர் காபியோடு மேலே தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். நடுவில் பிறந்தநாள் வாழ்த்துகள், தேர்தல் சண்டை, யாரோ எங்கிருந்தோ எடுத்துப் போட்ட மருத்துவக் குறிப்பு. 'டிசம்பர் 27-ஆ 28-ஆ' என்ற கேள்வி இவற்றுக்கு அடியில் எங்கோ கிடக்கும். விமான டிக்கெட் எடுக்க வேண்டியவருக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம்.

இதெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என்னை மெயில் பக்கம் தள்ளியது வேறு விஷயம். யார் விட்டுப்போனார் என்பது வாட்ஸ்அப்பில் எளிதில் தெரிவதில்லை.

ஒருவர் துபாய்க்கோ டெக்சாஸுக்கோ போகிறார். இந்திய எண்ணுக்கு ரீசார்ஜ் செய்வதை ஒரு கட்டத்தில் விட்டுவிடுகிறார். இணைப்பைத் துண்டித்து 90 நாள் கழிந்தால் அந்த எண் வேறொருவருக்குப் போகலாம். அதுவரைக்கும் வாட்ஸ்அப் பழைய எண்ணிலேயே ஓடிக்கொண்டிருக்கும், அவரும் கவலைப்பட மாட்டார். புதுப் போன் வாங்கும் நாளில் ஓடிபி பழைய எண்ணுக்குப் போகும், எண்ணோ அவரிடம் இல்லை. புது எண்ணில் புதுக் கணக்கு தொடங்குவார். குழுவில் அவருடைய பழைய எண் உட்கார்ந்திருக்கும் அல்லது சத்தமில்லாமல் மறைந்திருக்கும். நிறுவனம் கொடுத்த எண்ணை வைத்திருந்து வேலை மாறியவர்கள் கதையும் இதுதான்.

தானாக வெளியேறுபவர்கள் தனி ரகம். 2022-லிருந்து ஒருவர் குழுவை விட்டு விலகினால் அட்மினுக்கு மட்டுமே தகவல் போகும். விலகியவர்களின் பட்டியலும் 60 நாள் வரைதான் தெரியும். அட்மின் அன்றைக்குக் கவனிக்காவிட்டால் அவ்வளவுதான். அரசியல் சண்டையில் சலித்துப்போய் விலகியவர், வெள்ளி விழாவுக்குத் தன்னை அழைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார். நாமோ அவர் குழுவில் இருக்கிறார், பேசுவதில்லை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டிருப்போம். மெசேஜ் இன்ஃபோவைத் திறந்தால் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று பார்க்கலாம், உண்மைதான். யார் ஒவ்வொரு முறையும் அதைத் திறந்து எண்ணிக்கொண்டிருப்பார்கள்? டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அட்டென்டன்ஸ் எடுக்க முடியாது.

மெயில் இந்த இடத்தில் நேர்மையானது. முகவரி செத்திருந்தால் பெரும்பாலும் கடிதம் திரும்பி வந்துவிடும். திரும்பும் முகவரி எது என்று குழுவின் உறுப்பினர் பட்டியலும் காட்டும். முதல் கடிதம் அனுப்பிய அன்றே பழைய யாஹூ, ரெடிஃப் முகவரிகள் வரிசையாகத் திரும்பி வந்தன. அந்தப் பெயர்களை ஒரு கூகுள் ஷீட்டில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் அவரவர் ரூம்மேட்டைப் பொறுப்பாக்கினோம். ஊர் எது, அப்பாவின் கடை எந்தத் தெருவில் என்பதெல்லாம் ரூம்மேட்டுக்குத்தான் ஞாபகம் இருக்கும். டிப்ளமோ முடித்து இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள் வாட்ஸ்அப் குழுவில் மிகக் குறைவு என்பதும் ஷீட்டில் பெயர்களை வரிசையாக எழுதிய பிறகுதான் கண்ணில் பட்டது. முதலாண்டு விடுதிக் கூட்டாளிகள் தொடங்கிய குழு அது. அவர்களை யாரும் வேண்டுமென்று விடவில்லை, நினைவுக்கு வரவில்லை.

இன்னொரு லாபமும் உண்டு. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் அத்தனை பேருக்கும் உங்கள் எண் தெரியும். 25 ஆண்டு பேசாதவர்கள் கையில் எண்ணைக் கொடுக்க வகுப்புப் பெண்கள் சிலர் தயங்கியது நியாயம்தான். மெயில் குழுவில் உறுப்பினர் பட்டியலை நிர்வாகிகள் மட்டும் பார்க்கும்படி வைக்கலாம். கடிதங்கள் தினம் ஒரே தொகுப்பாக வரும்படியும் அவரவரே மாற்றிக்கொள்ளலாம். பின்னால் சேர்பவர் முதல் கடிதத்திலிருந்து படிக்க முடிகிறது.

குறை இல்லாமல் இல்லை. திரும்பி வராத கடிதம் எல்லாம் படிக்கப்பட்ட கடிதம் ஆகாது. கோவையில் சொந்தப் பட்டறை நடத்தும் நண்பர்கள் மெயிலைத் திறப்பது ஜிஎஸ்டி சமயத்தில் மட்டும்தான். அவர்களுக்கு போன் போட்டுத்தான் சொல்கிறோம். சில கடிதங்கள் ஸ்பேமில் போய் விழுகின்றன. சிரிப்பும் கிண்டலும் மெயிலில் எடுபடவே இல்லை, அதற்கு வாட்ஸ்அப்தான். டெலிகிராமைச் சிலர் சிபாரிசு செய்தார்கள். புதிதாகச் சேர்பவருக்குப் பழைய பேச்சைக் காட்ட முடியும் என்பது அதன் பலம். ஆனால் எங்கள் வயதுக்காரர்களில் அதை வைத்திருப்பவர் கொஞ்சம் பேர்தான். நான் அதில் குழு நடத்தியதில்லை, அதனால் அதற்கு மேல் சொல்வதற்கில்லை.

மெயில் குழுவும் சாசுவதம் கிடையாது. யாஹூ குரூப்ஸ் 2020 டிசம்பர் 15-ல் மூடப்பட்டது, ஆர்குட் என்ற சமூக வலைதளம் அதற்கு முன்பே 2014-ல் போய்விட்டது. இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட கணக்கை கூகுள் நீக்கலாம் என்ற விதியும் 2023-லிருந்து இருக்கிறது. அதனால் குழுவுக்கு ஒரே ஒருவரை உரிமையாளராக வைக்காதீர்கள். நாங்கள் மூன்று பேரை வைத்தோம்: ஒருவர் உள்ளூர், ஒருவர் வெளிநாடு, ஒருவர் பெண்கள் விடுதியிலிருந்து. ஷீட்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறக்கி மூவரும் தனித்தனியாகச் சேமித்துக்கொள்கிறார்கள்.