மண்டபத்தில் சனிக்கிழமை தருக்க வகுப்பு: சேரலாமா?

மெய்யியல் வகுப்பு என்றால் சாங்கியத்துக்குப் பத்து வரி, பௌத்தத்துக்குப் பத்து வரி என்று எழுதிப்போட்டு ஒப்பிக்கச் சொல்வதுதான் பெரும்பாலும் வழக்கம். ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊரில் நடக்கும் இந்தப் பத்து வார வகுப்பில் வாதம் கட்டச் சொல்லித்தருகிறார்கள், கட்டியதை உடைக்கவும் சொல்லித்தருகிறார்கள். 800 ரூபாய் கட்டணம் அதற்குத் தகும்.

பாடம் மணிமேகலையின் 29-ஆம் காதை. காஞ்சியில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் சொல்லும் இடம். பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (உதாரணம்), உபநயம் (உதாரணத்தைப் பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடிவு) என வாதத்தின் ஐந்து உறுப்பையும் அடுக்கிவிட்டு, கடைசி இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கும் என்கிறது. தமிழில் தருக்கம் தொடங்க இதைவிட நல்ல வாசல் கிடையாது. மலையில் புகை தெரிவதால் அங்கே நெருப்பு உண்டு, அடுக்களை போல என்ற பழைய உதாரணத்தை ஒரு முறை வாசித்ததோடு சரி. மற்றதெல்லாம் கரையில் பார்த்த விஷயங்கள்.

மூன்றாம் வாரப் பயிற்சி ஒன்று போதும், முறை புரிந்துவிடும். 'அந்த இடத்தில் மீன் கூட்டம் இருக்கிறது' என்பது பக்கம். 'ஆலாக்கள் கூட்டமாக விழுந்து எழுவதால்' என்பது ஏது (ஆலா என்பது மீன் பிடிக்கும் கடற்பறவை). 'நேற்று வலை போட்ட இடம் போல' என்பது திட்டாந்தம். இருபது நிமிடம் யாரும் பேசக்கூடாது. இந்த ஏது எங்கே பொய்க்கும் என்று ஒவ்வொருவரும் தாளில் எழுத வேண்டும். விசைப்படகிலிருந்து கழிவு மீனைக் கொட்டினாலும் ஆலா கூடும். அங்கே மீன் கூட்டம் இருக்க வேண்டியதில்லை. ஆக, மீன் இருக்கும் இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் ஏது பொருந்திப்போகிறது: இந்தக் குறைக்குப் பெயர் அநைகாந்திகம். இங்கே பலரும் ஏதுவையே தூக்கி எறிந்துவிடுகிறார்கள். ஆசிரியர் அதை விடுவதில்லை, ஏதுவை இறுக்கச் சொல்கிறார். 'பக்கத்தில் படகு இல்லாதபோது விழுந்து எழுவதால்' என்று திருத்தி எழுதியதும் வாதம் மறுபடி நிற்கிறது. பிறகு வைதன்மியம்: மீன் இல்லாத இடத்தில் அப்படி விழுவதில்லை என்று எதிர்ப்பக்கத்திலும் ஒரு உதாரணம் காட்டியாக வேண்டும். அதைக் காட்ட முடியாதவர்களுக்குத் தங்கள் வாதம் எவ்வளவு மெலிது என்று அங்கேயே தெரிந்துவிடுகிறது.

ஏது போலத் தோன்றி ஏமாற்றும் காரணத்துக்கு ஏதுப்போலி என்று பெயர்; அநைகாந்திகம் போக மற்ற இரண்டு ஏதுப்போலிக்கும் உதாரணங்கள் அதே தரம். கரையிலிருந்து தெரிகிற வெள்ளை, பறவையா அலை நுரையா என்றே முடிவாகவில்லை என்றால் அது அசித்தம். 'இந்தக் கருவாடு நன்றாகக் காய்ந்தது, கையில் ஈரம் ஒட்டுவதால்' என்றால் விருத்தம்; காட்டிய காரணமே எதிர் முடிவை நிறுவுகிறது. ஆனால் அசித்தம் 4, அநைகாந்திகம் 6, விருத்தம் 4 என்று உட்பிரிவு பதினான்கையும் ஒரே வாரத்தில் திணித்தது தவறு. அடுத்த வாரம் கேட்டால் பெயர் சொல்கிறார்கள், உதாரணம் வரவில்லை. மூன்று வாரமாகப் பிரித்திருக்க வேண்டும்.

வகுப்பின் உயிர் ஏழாம் வாரத்தில் இருக்கிறது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரில், பிற மதங்களை மறுக்கும் பரபக்கப் பகுதியில் ஒவ்வொரு மதமாக முதலில் அவர்கள் கொள்கை, அடுத்து மறுதலை என்று போகிறதல்லவா, அதே ஒழுங்கு. எதிராளியின் கருத்தை நாம் எடுத்துச் சொல்ல வேண்டும். 'ஆமாம், நான் சொல்வது இதுதான்' என்று அவர் ஒப்புக்கொண்ட பிறகே மறுக்கலாம். மூன்று நான்கு முறை சொல்லியும் ஒப்புதல் கிடைக்காமல் திணறுகிறார்கள், அதுதான் பாடம். கீழக்கரை, தங்கச்சிமடம், ராமேஸ்வரம் என்று பல சமயத்தவரும் வருவதால், முதல் ஆறு வாரம் கடவுள் பற்றிய வாதம் வேண்டாம் என்று விதி வைத்திருக்கிறார்கள். சரியான விதி. கருவி கைக்கு வருமுன் அதைத் தொட்டால் வாதம் போய் விதண்டை வந்துவிடும்.

சாக்ரடீஸ் வாரம் ஏமாற்றம். சாக்ரடீஸ் கேள்வி கேட்கும் பிளேட்டோவின் ஆரம்பகால உரையாடல்கள் பலவும் விடை கிடைக்காமலேதான் முடிகின்றன. துணிவு என்றால் என்ன என்று கேட்டவர்கள் தெரியவில்லை என்ற இடத்தில் நிற்கிறார்கள். அந்தத் தவிப்பில்தான் கற்றல் நடக்கிறது. இங்கே கேள்வித்தாளின் பின்பக்கத்திலேயே விடையை அச்சடித்துக் கொடுத்துவிட்டார்கள். பாதிப் பேர் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்த்தார்கள்.

ஜெராக்ஸ் தாளில் பாட்டு சந்தி பிரிக்காமல் இருக்கிறது, எழுத்தும் மங்கல். பதம் பிரித்த பதிப்பு ஒன்றைக் கையோடு கொண்டுபோவது நல்லது. எழுதிக் கொடுப்பதைத் திருத்தித் தருகிறார்கள், ஆனால் இரண்டு வாரம் தாமதமாக. பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. அதைத் தளர்த்தாமல் இருக்க வேண்டும், இருபது பேர் ஆனால் ஒருவருக்கு வாய் திறக்கவே நேரம் வராது. போட்டித் தேர்வுக்கு நோட்ஸ் எதிர்பார்ப்பவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது. வகுப்பு ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்கு முடியும் என்கிறார்கள், எட்டாகிவிடுகிறது. உள்கிராமத்துக்குப் பேருந்து பிடிக்க வேண்டியவர்கள் முதல் நாளே சொல்லிவைத்துக்கொள்ளுங்கள்.