லேத் புஷ் மாற்றக் கொடுப்பவர்கள் உஷார்!

பழைய லேத் (கடைசல் மிஷின்), டிரில்லிங் மிஷின் வாங்கி வீட்டிலேயே சரிசெய்யும் வேலூர், காட்பாடி, ஆற்காடு பக்கத்து நண்பர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். புஷ் (சுழலும் தண்டைத் தாங்கும் உலோகக் குழல்) போடக் கொடுத்தால் உலோகத்தையே மாற்றிவிடுகிறார்கள்.

என்னுடையது பஞ்சாப் மாநிலம் பட்டாலாவில் செய்த பெல்ட் லேத். ராணிப்பேட்டையில் பெல் (BHEL) நிறுவனத்துக்கு ஜாப் ஒர்க் செய்துகொண்டிருந்த ஒரு சின்னப் பட்டறையை மூடியபோது வாங்கினேன். பெட் (அடிப்பாகம்) நல்ல நிலைமை. ஹெட்ஸ்டாக்கில் (லேத்தின் தலைப்பகுதி) கன்மெட்டல் என்ற செம்புக் கலவையில் செய்த புஷ் இரண்டும் தேய்ந்து, அவற்றுக்குள் சுழலும் தண்டான ஸ்பிண்டில் ஆடியது. சிப்காட் பக்கம் ஒரு பட்டறையில் ஹெட்ஸ்டாக்கை அப்படியே இறக்கி, கன்மெட்டல்தான் வேண்டும் என்று சீட்டிலும் எழுதிக் கொடுத்தேன். கன்மெட்டலுக்கான காசைத்தான் வாங்கினார்கள். பில் கேட்டால், "ஓனர் வந்ததும் வாட்ஸ்அப்ல அனுப்பிடறோம் சார்" என்றார்கள். இன்னும் வரவில்லை.

மாட்டி ஓட்டினேன். கொஞ்ச நேரத்தில் ஹெட்ஸ்டாக்கில் கை வைக்க முடியாத சூடு. கழற்றினால் எண்ணெய் முழுக்க மஞ்சள் பொடி. புஷ்ஷின் ஓரத்தை அரத்தால் லேசாக ராவிப் பார்த்தேன். புளி போட்டுத் தேய்த்த குத்துவிளக்கு மாதிரி பளீரென்று மஞ்சள். கன்மெட்டல் அப்படி இருக்காது, செம்பு நிறம் அடிக்கும். நூற்றுக்கு 88 பங்கு செம்பு, 10 வெள்ளீயம், 2 துத்தநாகம். தேய்மானத்தைத் தாங்குவது அந்த வெள்ளீயம்தான். எனக்குப் போட்டிருப்பது பித்தளை! அதையாவது ஒழுங்காகப் போட்டார்களா? அடித்து இறக்கினால் புஷ்ஷின் உள்துளை சுருங்கும், அப்புறம் ரீமர் (துளையைச் சீவும் கருவி) விட்டு அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஸ்பிண்டிலுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் எண்ணெய் நிற்க மெல்லிய இடைவெளியாவது வேண்டும். அதையும் செய்யவில்லை. ஸ்பிண்டிலில் இப்போது கோடு கோடாக விழுந்திருக்கிறது.

பழைய புஷ்ஷைக் கேட்டதற்கு வந்த பதில்தான் வயிற்றெரிச்சல். "தேஞ்சுபோன குப்பை சார், காயலான் கடைக்குப் போட்டாச்சு." பழைய கன்மெட்டலுக்குப் பித்தளையைவிட விலை அதிகம் என்று அவர்களுக்குத் தெரியாதா? அதில் வெட்டியிருந்த ஆயில் குரூவை (எண்ணெய் ஓடும் பள்ளம்) பார்த்துத்தான் புதிதில் வெட்ட வேண்டும். அந்த மாதிரியும் போய்விட்டது.

கொடுக்கும் முன் எடை போட்டு, போட்டோ எடுத்து, பஞ்ச் (குறி போடும் கூர்முனை இரும்பு) வைத்துத் தட்டி ஒரு குறி வையுங்கள். பழையதைத் திருப்பித் தர வேண்டும் என்று சீட்டிலேயே எழுத வையுங்கள். காசு கொடுக்கும் முன் அங்கேயே அரம் போட்டு நிறத்தைப் பாருங்கள். நான் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன்.

ஸ்பிண்டில் கிரைண்டிங்கும் கன்மெட்டல் புஷ்ஷும் நேர்மையாகச் செய்து தருபவர் குடியாத்தம், வாலாஜா பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.