வெள்ளைப் பீங்கான் பிராசசரா, ஜன்னல் வைத்த ஈப்ராமா?

பழைய சிப் சேர்க்க ஆசைப்படுபவர்கள் முதலில் கண் வைப்பது இன்டெல் சி4004 மேல்தான். 1971இல் வந்த மைக்ரோபிராசசர், 2,300 டிரான்சிஸ்டர், 16 கால், வெள்ளைப் பீங்கான் உடம்பு, தங்க முலாம். அதே ஆண்டு அதே கம்பெனியில் டோவ் ஃப்ரோமன் உருவாக்கிய 1702ஐப் பற்றிப் பேச ஆள் குறைவு. புற ஊதா ஒளியால் அழித்து மறுபடி எழுதக்கூடிய முதல் நினைவகச் சிப், அதாவது முதல் ஈப்ராம் (EPROM) அது. 2708, 2716, 27512 என்று பின்னால் வந்த ஈப்ராம்களும் அதன் வழிதான். அந்த ஒளி உள்ளே போக நடுவில் குவார்ட்ஸ் ஜன்னல்.

நான் சேர்ப்பது ஜன்னல் வைத்தவற்றை. பிராசசர்களும் கொஞ்சம் இருக்கின்றன. 4004 மட்டும் என் கைக்கு வந்ததில்லை, மற்றவர்களிடம் பார்த்ததோடு சரி.

விலையில் போட்டியே இல்லை. நல்ல வெள்ளை 4004 வாங்கப் பல பத்தாயிரம் ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். ஈப்ராம் சென்னை ரிச்சி தெருப் பக்கம் பழைய போர்டோடு சேர்ந்தே வந்துவிடும். இன்னொன்று, பீங்கான் பிராசசர்களுக்குத் தங்கம் பிரிப்பவர்களும் போட்டிக்கு வருகிறார்கள். சேகரிப்பவர் ஒரு பென்டியம் புரோ பிராசசரைக் கேட்பதற்கு முன் அவர்கள் எடை போட்டுவிடுவார்கள்.

ஆனால் நான் ஈப்ராம் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் விலை அல்ல. கையில் இருப்பது அசலா என்று நானே பார்த்து உறுதி செய்துகொள்ள முடிகிறது.

இந்தச் சந்தையின் பெரிய தலைவலி எழுத்து மாற்றுவது. மேற்பரப்பை உரசிப் பழைய அச்சை எடுத்துவிட்டு, புதுப் பூச்சடித்து வேறு எண்ணும் தேதியும் போட்டுவிடுகிறார்கள். 7812 என்றால் 1978ஆம் ஆண்டின் 12ஆம் வாரம். சேகரிப்பவர் கூடுதல் காசு கொடுப்பது அந்த நான்கு இலக்கத்துக்கு. மாற்றுபவர் கை வைப்பதும் அதில்தான். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தால் மட்டமான பூச்சு கரையும், நல்ல பூச்சு அசையாது. இசட்80 போன்ற பிராசசரை ஓட்டிப் பார்க்கவும் வழி உண்டு. எட்டு டேட்டா கால்களையும் கிரவுண்டுக்கு இழுத்து கிளாக் கொடுத்தால், அது 00 என்ற வெற்றுக் கட்டளையையே படித்துக்கொண்டிருக்கும். முகவரிக் கால்கள் வரிசையாக எண்ணிக்கொண்டே போகும். சிப்புக்கு உயிர் இருப்பது தெரிந்துவிடும். எந்த ஆண்டுச் சிப், யார் செய்தது என்பது தெரியாது. மூடியைப் பெயர்த்தால் தெரியும், ஆனால் பெயர்த்த சிப்பை யார் வாங்குவார்கள்?

ஈப்ராமில் அந்த மூடியே கண்ணாடி மாதிரிதான். பத்து மடங்கு லூப் (உருப்பெருக்கிக் கண்ணாடி) வைத்து, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால், நினைவக அறைகள் நெருங்கி அமைந்த பகுதி வானவில் நிறத்தில் மினுங்கும். அதைச் சுற்றி மயிரிழைக் கம்பிகள். பல சிப்களில் உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டின் ஓரத்தில் கம்பெனி பெயரோ முத்திரையோ பதிப்புரிமை ஆண்டோ பொறித்திருக்கும். மேலே 1979 என்று அச்சும் உள்ளே 1982 என்ற பொறிப்பும் இருந்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. உள்ளே இருப்பதை உரசி மாற்ற ஒருவராலும் முடியாது.

ஓரளவு பிந்தைய ஈப்ராம்களில் இன்னொரு சாட்சியும் உண்டு. ஏ9 என்ற முகவரிக் காலுக்கு 12 வோல்ட் கொடுத்துப் படித்தால், சிப்பே தன் கம்பெனிக் குறியீட்டைச் சொல்லும்: ஹெக்ஸில் 89 என்றால் இன்டெல், 01 என்றால் ஏஎம்டி, 20 என்றால் எஸ்டி. சிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் சாதாரண புரோகிராமர் கருவியே இதைச் செய்துவிடும். பழைய 2716இல் இந்த வசதி கிடையாது. அங்கே புரோகிராமரில் இந்தக் குறியீட்டுச் சோதனையை (ஐடி) அணைத்துவிட்டுப் படியுங்கள். 12 வோல்ட் பட்டால் சிப் கெடக்கூடும்.

பராமரிப்பில் பிராசசருக்குத்தான் வெற்றி, ஒப்புக்கொள்கிறேன். கால் கறுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். ஈப்ராமின் ஜன்னலை மூடி வைக்க வேண்டும். நேர் வெயிலில் ஒரு வாரம் கிடந்தால் உள்ளே எழுதியது அழிந்துவிடும் என்றும், டியூப்லைட் வெளிச்சத்தில் சுமார் மூன்று ஆண்டு என்றும் இன்டெலின் தரவுத்தாள்களே சொல்கின்றன. ஏதோ ஒரு பிரின்டரின், ஏதோ ஒரு லேத்தின் நிரல் அதில் இருக்கும். அதனால் வாங்கியவுடன் படித்து ஒரு பிரதி எடுத்து வைத்துவிடுவேன். கையெழுத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதைப் பிரிப்பதில்லை, உள்ளே பார்க்கும் ஆசை எவ்வளவு இருந்தாலும்.

இரண்டு வகைக்கும் பொதுவான எதிரி, பழைய கறுப்பு ஃபோம். நாளாக நாளாக அது பிசுபிசுத்துக் காலை அரித்துவிடும். வந்தவுடன் தூக்கிப் போட்டுவிட்டுப் புது ஆன்டி-ஸ்டாடிக் ஃபோமில் குத்தி வையுங்கள்.

திருப்பி விற்றால் என்ன கிடைக்கும்? அசல் என்று உறுதியான 4004க்கு ஆள் நிச்சயம் கிடைக்கும். ஈப்ராம் எதையும் நான் விற்றதில்லை, விலை ஏறும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். முதலீடாக நினைப்பவர், நம்பகமான கையிலிருந்து ஒரே ஒரு பிராசசர் வாங்கட்டும். பார்க்கும் சுகத்துக்காக என்றால் ஒரு 2716, ஒரு 27512, ஒரு லூப் போதும். கொள்ளளவு 32 மடங்கு கூடியும் இரண்டிலும் ஜன்னல் ஏறக்குறைய அதே அளவுதான். பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள்.