பிரிட்டோரியா பிளே-ஆஃப் மேட்சுக்கு பஸ் என்று 3,800 ரேண்ட் கொடுத்து ஏமாந்த கதை

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வெளியூர்க் கால்பந்து மேட்சுக்கு "பஸ், டிக்கெட், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே தொகை" என்று யாராவது ஆள் சேர்த்தால், பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். ஏற்பாடு செய்தவரின் பெயரையும் எங்கள் அணியின் பெயரையும் நான் எழுதவில்லை. புகார் இன்னும் நடக்கிறது. அணியைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடிக்க எங்கள் டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் அரை மணி நேரம் போதும். அப்புறம் என் மேலேயே அவதூறு வழக்கு வரும் என்று வக்கீல் நண்பர் ஒருவர் பயமுறுத்தி வைத்திருக்கிறார்.

நான் தூத்துக்குடிக்காரன். டர்பன் துறைமுகத்தை ஒட்டிய ஒரு சரக்குக் கம்பெனியில் வேலை. குடியிருப்பது சாட்ஸ்வொர்த்தில். பக்கத்து வீட்டு அங்கிள் நாலாம் தலைமுறைத் தமிழர். சின்ன வயதில் கோயில் தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார், என்னோடு பேசத்தான் அது உதவுகிறது என்பார். எனக்கு இந்த ஊர்க் கால்பந்துப் பைத்தியத்தைப் பிடிக்க வைத்ததும் அவர்தான். மேனிங் ரேஞ்சர்ஸ் என்று சாட்ஸ்வொர்த்தில் ஓர் அணி இருந்தது. இந்த நாட்டு மேல்மட்ட லீக்கான பிரிமியர் சாக்கர் லீக் தொடங்கிய முதல் சீசனே, 1996-97இல், பெரிய அணிகளையெல்லாம் பின்னுக்குத் தள்ளிக் கோப்பையை வாங்கிய அணி. கோச் கோர்டன் இகசண்ட். அந்த அணி இன்றைக்கு இல்லை. ஆனால் அங்கிள் அந்த சீசனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டீ ஆறிவிடும்.

பிளே-ஆஃப் பற்றித் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. மேல் டிவிஷனில் 16 அணிகள். கடைசி அணி நேராகக் கீழே போகும், இரண்டாம் டிவிஷனில் முதலிடம் வந்த அணி நேராக மேலே வரும். மேலே கடைசிக்கு முந்தின அணி, கீழே 2ஆம், 3ஆம் இடம் வந்த அணிகள், இந்த மூன்றும் தங்களுக்குள் சொந்த ஊரில் ஒன்று, வெளியூரில் ஒன்று என்று மோதும். மூன்று அணிக்கும் சேர்த்து இருப்பது ஒரே ஓர் இடம். இவ்வளவு பாடுபட்டு மேலே வந்த இடத்தைக் காசு கொடுத்து வாங்கவும் முடியும் என்பது இந்த நாட்டு விசித்திரம். 2017இல் தாண்டா ராயல் ஜூலு ஜெயித்து வாங்கிய இடத்தை அமாஜூலு விலைக்கு வாங்கியது. 2021இல் புளூம்ஃபொன்டைன் செல்டிக்கின் இடம் ராயல் ஏஎம்முக்குப் போனது. இடத்தையே விற்கிற ஊரில் டிக்கெட்டை விற்க மாட்டானா என்று நான் அன்றைக்கே யோசித்திருக்க வேண்டும்.

எங்கள் அணிக்குப் பிரிட்டோரியாவில் கடைசி ஆட்டம். ஜெயித்தால் மேலே. சனிக்கிழமை மத்தியானம் 3 மணிக்கு ஆரம்பம். கோயிலில் ஒரு விசேஷத்தன்று இந்த ஆள் வந்தார். நாற்பது வயது இருக்கும், அணியின் சட்டை, கழுத்தில் மஃப்ளர். "வணக்கம்ண்ணே, நீங்க ஊர்லேர்ந்து வந்தவங்களா? பஸ்ல எல்லாம் நம்ம ஆளுங்கதான். தமிழ்ப் பாட்டு போட்டுக்கிட்டே போலாம்" என்றார். இந்த ஊரில் என் வயசுக்காரர் ஒருவர் எழுத்துக்கூட்டாமல் தமிழ் பேசிக் கேட்டு மாசக்கணக்காகிவிட்டது. அந்த "ண்ணே"யில்தான் நான் விழுந்தேன். வேறு ஒரு காரணமும் இல்லை. ஆங்கிலத்தில் வந்து இதே பேச்சைப் பேசியிருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

தலைக்கு 950 ரேண்ட். 60 இருக்கை சொகுசு பஸ், உள்ளே ஹீட்டர், கழிவறை, மேட்ச் டிக்கெட், ஒரு டி-ஷர்ட், போகும்போது ஒரு வேளை சாப்பாடு. எனக்கு, அங்கிளுக்கு, அப்புறம் ஓர் ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கும் ராமநாதபுரத்துப் பையன்கள் இரண்டு பேருக்கு என்று நாலு பேருக்கும் நானே 3,800 அனுப்பினேன். பேஷாப் என்ற உடனடிப் பணம் அனுப்பும் வசதியில் கைபேசி எண்ணைப் போட்டால் ஒரு நிமிடத்தில் போய்விடுகிறது. போன வேகத்தில் திரும்பி வராது என்பதை யாரும் சொல்லவில்லை. பணம் போய்ச் சேர்ந்த பெயர் அவர் சொன்ன பெயர் இல்லை. கேட்டேன். "அது என் மச்சான் அக்கவுண்ட்ண்ணே" என்றார். சரி என்று விட்டேன்.

விடியற்காலை 4 மணிக்கு ஷாப்பிங் சென்டர் பார்க்கிங்கில் நிற்கச் சொன்னார்கள். நின்றோம். ஜூன் மாதக் குளிர், இங்கே அப்போதுதான் குளிர்காலம். டர்பன் குளிரைச் சாதாரணமாக நினைத்து மெல்லிய ஸ்வெட்டரோடு வந்தவன் நான் மட்டும்தான். அங்கிள் கம்பளித் தொப்பி, இரண்டு ஜாக்கெட், மடியில் ஒரு பெரிய டப்பா. ஆன்ட்டி ரொட்டியில் உருளைக்கிழங்குக் கறியை வைத்துச் சுருட்டி, அவித்த முட்டையும் வைத்துக் கொடுத்திருந்தார். இங்கே இதைப் பாட்கோஸ் என்பார்கள், வழிச்சாப்பாடு. அந்த டப்பா மட்டும் இல்லையென்றால் அன்றைக்கு நாங்கள் பட்டினி. சாப்பாடு என்று எழுதியிருந்ததே, அது கடைசிவரை வரவே இல்லை. டி-ஷர்ட்டும் இல்லை.

வண்டி வந்தது 6:20க்கு. 60 இருக்கை பஸ் இல்லை, 22 இருக்கை வண்டி. எங்கள் கூட்டம் 27 பேர். ஏற்பாட்டாளர் வரவில்லை. "முன்னாடி போய் கேட்ல நிக்கிறேன்" என்று ஒரு குரல் செய்தி மட்டும். டிரைவரிடம் ஒரு கவர் கொடுத்திருந்தார், அதில் டிக்கெட்டுகள், சாதாரண ஏ4 தாளில் அச்சடித்தவை. திரும்பிப் போகலாம் என்று அப்போதே சொன்னவர் அங்கிள். "வந்தாச்சே அங்கிள், உட்காருங்க" என்று ஏற்றியவன் நான். மூன்று பிள்ளைகள் அப்பாக்கள் மடியில், இரண்டு பேர் நடைபாதையில் கூல்பாக்ஸ் மேல்.

என்3 சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி, ஹோவிக் தாண்டி, மூய் ரிவர் சுங்கச்சாவடிக்கு முன்னால் போக்குவரத்து இன்ஸ்பெக்டர்கள் கை காட்டினார்கள். மணி 8:10. புல்வெளி முழுக்க உறைபனி, உப்பு தூவியது போல வெள்ளையாக. ஒரு பெண் அதிகாரி ஏறி, பேனா முனையால் தலை தலையாக எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு இறங்கி, கண்ணாடியில் ஒட்டியிருந்த, வண்டியின் ஆண்டு லைசென்ஸ் வட்டத்தைக் குனிந்து பார்த்தார். நானும் அப்போதுதான் இறங்கிப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முன்பே காலாவதி. டிரைவரிடம் ஆள் ஏற்றிப் போகிறவர்களுக்கு வேண்டிய தொழில்முறை ஓட்டுநர் அனுமதி இல்லை. வண்டிக்கு இருந்த இயக்க அனுமதியோ டர்பனுக்குள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றுவதற்கானது. இயக்க அனுமதி இல்லாமல் காசுக்கு ஆள் ஏற்றினால், 2009ஆம் ஆண்டு தேசியத் தரைவழிப் போக்குவரத்துச் சட்டப்படி வண்டியைப் பிடித்து வைக்கலாம். பிடித்து வைத்தார்கள். அந்த அம்மா மேல் எனக்குக் கோபமே இல்லை. முன்னால் வான் ரீனென்ஸ் கணவாய் இருக்கிறது. லாரிகளும் மூடுபனியுமாக உள்ள அந்த ஏற்றத்தில் 27 பேரோடு அந்த வண்டி என்ன ஆகியிருக்கும் என்று பிறகு யோசித்தால் வயிறு கலங்குகிறது.

சாலை ஓரத்தில் நின்றோம். ஏற்பாட்டாளர் முதலில் போன் எடுத்தார். "ரெண்டாவது பஸ் கிளம்பிருச்சு, இன்னும் 20 நிமிஷம்." அரை மணி கழித்து, "ஹோவிக் வந்துருச்சு." அதற்கப்புறம் போன் அணைந்துவிட்டது. வாட்ஸ்அப் குழுவில் நாங்கள் போட்ட செய்திகளுக்கு ஒரே ஒரு டிக். குடும்பத்தோடு வந்தவர்கள் மாரிட்ஸ்பர்க் சொந்தக்காரர்களை வரவழைத்துத் திரும்பிப் போனார்கள்.

அங்கேயே நாங்களும் திரும்பியிருக்கலாம். ஆனால் பிளே-ஆஃபில் கடைசி ஆட்டம்! ஜோகன்னஸ்பர்க்குக் காலியாகத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு கோம்பிக்காரர், அதாவது மினிபஸ் டாக்சி ஓட்டுபவர், தலைக்கு 300 என்றார். நாங்கள் நாலு பேர், இன்னும் இரண்டு பேர், ஆறு பேராகக் கிளம்பியபோது 10 மணி. ஹாரிஸ்மித்தில் ஒரு தடவை நிறுத்தி, மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது 3:25. உள்ளே வுவுசேலா சத்தம்.

வாசலில் கையடக்க ஸ்கேனரோடு ஒரு பையன். அங்கிள்தான் முதலில் நீட்டினார். பச்சை. அடுத்து நான் நீட்டினேன். சிவப்பு. "ஏற்கெனவே பயன்படுத்தப்பட்டது." பின்னால் வந்த ராமநாதபுரத்துப் பையனுக்கும் சிவப்பு. அப்போதுதான் ஆறு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கோடுகளுக்குக் கீழே உள்ள எண்ணின் கடைசி நாலு இலக்கம் ஆறிலும் ஒன்றேதான். ஒரே ஒரு டிக்கெட்டை வாங்கி, மற்ற எல்லாருக்கும் ஜெராக்ஸ். வண்டியில் வரும்போது ஒருத்தர் தாளை ஒருத்தர் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். 27 பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கெஞ்சினால் விடுவார்கள் என்று நினைக்காதீர்கள். 2001 ஏப்ரலில் ஜோகன்னஸ்பர்க் எல்லிஸ் பார்க் மைதானத்தில் சீஃப்ஸ்–பைரட்ஸ் என்ற இரண்டு பெரிய அணிகளின் ஆட்டத்தில் கூட்டம் நெரிந்து 43 பேர் செத்த நாடு இது. 2017இல் எஃப்என்பி மைதானத்து வாசல் நெரிசலில் இரண்டு பேர் போனார்கள். அந்தச் சமயம் போலி டிக்கெட் பேச்சும் அடிபட்டது. நுழைவுச்சீட்டு விற்கும் ஜன்னலுக்குப் போனோம். தீர்ந்துவிட்டது. லீக் ஆட்டத்து டிக்கெட் பெரும்பாலும் கால் ரொட்டிக்குள் மட்டன் கறி நிரப்பிய ஒரு பன்னி சௌ விலைகூட வராது. முந்தின வாரமே நாங்களே வாங்கியிருந்தால் முடிந்திருக்கும்.

அங்கிளும் வெளியே வந்துவிடுகிறேன் என்றார். நாங்கள்தான் வேண்டாம் என்று உள்ளே அனுப்பினோம். இரண்டாம் பாதியை அவர் போனில் எங்களுக்குத் தமிழில் வர்ணனை சொன்னார். சுவரோரம் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு ஐந்து பேரும் குந்தியிருந்தோம். "தம்பி, பந்து வலது பக்கம் போச்சு... அந்த உயரமான பையன்கிட்ட... ஐயோ, வெளியே." உள்ளே ஒரே இரைச்சல் எழும், யாருக்கு கோல் என்று தெரிய அங்கிள் மூச்சு வாங்கிச் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். 70 நிமிடம்வாக்கில் அவர் போனில் சார்ஜ் தீர்ந்தது. மேட்ச் 1-1. மேலே போகவில்லை.

இரவு கோச் பஸ்ஸில் தலைக்கு 420 கொடுத்துத் திரும்பினோம். ஆக மொத்தம் நாலு பேருக்கு 6,680 ரேண்ட்.

திங்கட்கிழமை ஏற்பாட்டாளரே செய்தி அனுப்பினார். போலீஸ் பிடித்ததற்குத் தான் பொறுப்பில்லையாம், அடுத்த சீசன் முதல் வெளியூர் மேட்சுக்கு இலவசமாகக் கூட்டிப்போகிறாராம். பணத்தைக் கேட்டதும் என் எண்ணை பிளாக் செய்துவிட்டார். வங்கியில் புகார் கொடுத்தேன். நீங்களே விரும்பி அனுப்பிய பணம், அவர் சம்மதித்தால்தான் திருப்ப முடியும் என்றார்கள். காவல் நிலையத்தில் மோசடி வழக்கு பதிந்து வழக்கு எண் வாங்கியிருக்கிறேன்.

உருப்படியாக நடந்துகொண்டிருப்பது சிறு வழக்கு நீதிமன்றத்து வேலைதான். 20,000 ரேண்ட் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் வைத்து வாதாட அனுமதியில்லை, நாமே பேச வேண்டும். முதலில் பணத்தைக் கேட்டு ஒரு கோரிக்கைக் கடிதம் கொடுத்து 14 நாள் பொறுக்க வேண்டும். 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், இருக்கிற இடத்துக்கு மேல் பணம் வாங்கிவிட்டுச் சேவையைத் தராவிட்டால் வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று இருக்கிறது. கடிதத்தில் அதைக் குறிப்பிட்டேன். சிக்கல் என்னவென்றால் கடிதம் கொடுக்க ஒரு வீட்டு முகவரி வேண்டும். கைபேசி எண் வைத்திருந்த எங்களில் ஒருவரிடமும் முகவரி இல்லை. கோயிலில் விசாரித்து விசாரித்து மூன்று வாரம் கழித்துத்தான் கிடைத்தது. ஆகவே பணம் கொடுக்கும் முன் முகவரி கேளுங்கள். வண்டியின் பதிவெண்ணைக் கேட்டு, முந்தின நாளே நேரில் போய்க் கண்ணாடியில் ஒட்டிய வட்டத்தின் தேதியைப் பாருங்கள். டிக்கெட்டை மட்டும் எப்போதும் நீங்களே வாங்குங்கள்.

கடிதத்தோடு இணைக்க என் சிவப்பு டிக்கெட்டும் பையன்களுடையதும் போதவில்லை, அந்த ஒரே பச்சை டிக்கெட்டும் இருந்தால் எண் ஒன்றுதான் என்று காட்டலாம் என்று அங்கிளிடம் போனேன். சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். ஒரு ஜெராக்ஸ் எடுத்துவிட்டுத் தருகிறேன் அங்கிள் என்றேன்.

"இன்னும் ஜெராக்ஸா தம்பி?" என்றார்.